ஜெர்மன் பாஸ்போர்ட் எடுக்கும் முன் உங்கள் பெயரை ஒருமுறை படித்துப் பாருங்கள்

இங்கே வந்து மூன்று மாதம்கூட ஆகாத தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, சிட்டிசன்ஷிப்புக்கு எப்பப் போடலாம்?" முதலில் வீடு பார், அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) முடி என்பேன். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

ஆபீஸ் சமாச்சாரங்களை ஓட்டமாகவே சொல்லிவிடலாம். 2024 ஜூன் 27 முதல் எட்டு வருடக் காத்திருப்பு ஐந்தாகக் குறைந்தது. மூன்று வருடத்திலேயே வாங்கலாம் என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் அழித்துவிடுங்கள். அந்தக் குறுக்குவழியை 2025 அக்டோபரில் மூடிவிட்டார்கள். பி1 அளவு, அதாவது அன்றாடம் பேசிச் சமாளிக்கும் அளவு ஜெர்மன் வேண்டும், சொந்தச் சம்பளத்தில் குடும்பம் ஓட வேண்டும். குடியுரிமைத் தேர்வுக்கு 25 யூரோ. மொத்தம் 310 கேள்விகள், எல்லாமே வெளியில் கிடைக்கும். அதிலிருந்து 33 வரும், 17 சரியாக இருந்தால் பாஸ். பொதுத்தேர்வுக்கு நோட்ஸை உருப்போட்டு வளர்ந்த நமக்கு இது ஒரு பரீட்சையா? மனுவுக்குப் பெரியவருக்கு 255 யூரோ, கூடவே சேர்க்கும் சம்பாத்தியமில்லாத பிள்ளைக்கு 51. அப்புறம் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்குப் பதினான்கு மாதம்.

இரட்டைக் குடியுரிமைக்கு ஜெர்மனி சரி என்று சொல்லிவிட்டது. இந்தியா சொல்லவில்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9வது பிரிவுப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டில் இன்னும் ஐந்து வருடம் பாக்கியிருக்கிறதே என்று அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறாதீர்கள். ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, ஓசிஐக்கு (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) போடுங்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வழி வேறு. அங்கே விண்ணப்பித்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள இடம் உண்டு.

இனி நான் மாட்டிய கதை. சொந்தப் பெயரைப் பொதுவில் போட மனமில்லை. என் பெயர் செந்தில்குமார், அப்பா முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நான் மு. செந்தில்குமார். முதல் பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள். டைப்பிங் கடைக்காரர் கிவன் நேம் கட்டத்தில் 'முருகேசன் செந்தில்குமார்' என்று அடித்துவிட்டு, சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டார். நானும் பார்த்தேன், பெயர் முழுசாக வந்திருக்கிறது என்று திருப்திதான். ஜெர்மனியில் ஃபமிலியன்நாமெ, அதாவது குடும்பப் பெயர், இல்லாத மனிதன் இருக்க முடியாது. விசா அட்டையில் முழுப்பெயரும் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பல வருடம் நான் கோடாகவே வாழ்ந்தேன்.

குடியுரிமைப் பத்திரம் கையில் வந்தது 2024 இலையுதிர் காலத்தில். அடுத்த வேலை ஸ்டாண்டஸ்அம்ட், அதாவது பிறப்பு, திருமணம் பதிவு செய்யும் அலுவலகம். நம்மைப் போன்றவர்களுக்காகவே ஜெர்மன் சிவில் சட்டத்தின் அறிமுகச் சட்டத்தில் (EGBGB) 47வது பிரிவு ஒன்று இருக்கிறது. இருக்கும் பெயரில் எது முதல் பெயர், எது குடும்பப் பெயர் என்று நாமே சொல்லலாம். ஒன்று இல்லவே இல்லையென்றால் புதிதாகத் தேர்ந்தெடுக்கவும் இடம் உண்டு. நல்ல சட்டம்தான். ஒருமுறை சொன்னால் சொன்னதுதான், திரும்ப எடுக்க முடியாது.

நான் ஸ்டாண்டஸ்அம்ட் போன அன்று மதியமே பாஸ்போர்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் வைத்திருந்தேன். அவசரம். அங்கிருந்த பெண் அலுவலர் "குடும்பப் பெயர் எது?" என்று கேட்டார். மகள் திருச்சியில் பிறந்தவள், அவள் பாஸ்போர்ட்டில் சர்நேம் செந்தில்குமார். மனைவிக்கும் அதே. நம் வழக்கத்திலும் பிள்ளைக்கு முன்னால் நிற்பது அப்பன் பெயர்தானே? "செந்தில்குமார்" என்றேன். "அப்படியானால் முதல் பெயர் முருகேசன், சரிதானே?" "யா" என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

வெளியே வந்து ட்ராமுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது.

அப்பா போய் ஆறு வருடம். இப்போது பேங்க் ஆப்பைத் திறந்தால் 'ஹலோ முருகேசன்' என்கிறது. ஆபீஸ் மின்னஞ்சலிலும் முருகேசன். முதல் சில வாரம் அப்பாவையே யாரோ கூப்பிடுவது போலத் திரும்பிப் பார்த்தேன். மாற்ற வழி கேட்டதற்கு 1938ஆம் வருடப் பெயர் மாற்றச் சட்டத்தைக் காட்டினார்கள். அதற்கு 'முக்கியமான காரணம்' வேண்டுமாம். தூக்கக் கலக்கமும் அவசரமும் காரணத்தில் சேராது. இதில் ஒரு வயிற்றெரிச்சல்: 2025 மே மாதத்திலிருந்து வடக்கே இருக்கும் ஃபிரிசிய மக்கள் தங்கள் மரபுப்படி அப்பா அம்மாவின் முதல் பெயரிலிருந்தே பிள்ளைக்குக் குடும்பப் பெயர் வைக்கலாம். நம் இனிஷியல் வேறென்ன?

சரி, பெயர்தானே என்று விட்டிருப்பேன். இரண்டாவது பிரசவத்துக்கு அம்மாவை வரவழைத்தபோதுதான் செலவு தெரிந்தது. அழைப்புக் கடிதத்தில் இருந்தது முருகேசன் செந்தில்குமார். என் பிறப்புச் சான்றிதழில் பிள்ளை செந்தில்குமார், தகப்பன் முருகேசன். இரண்டையும் இணைக்கும் ஸ்டாண்டஸ்அம்ட் சான்றிதழை நான் வைக்கவில்லை. முட்டாள்தனம் என்னுடையது. சென்னை விசா கவுண்டரில் "மகன் பேர் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். "செந்திலு." "அப்போ முருகேசன் யாரு?" கல்யாணமான நாளிலிருந்து அம்மா அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட அட்டையைத்தான் நீட்டுவார். அங்கேயும் பேசாமல் நின்றிருக்கிறார். உறவு நிரூபிக்கப்படவில்லை என்று விசா மறுப்பு வந்தது. 90 யூரோ போனது, டிக்கெட் போனது. மறுபடி போட்டு அவர் வந்தபோது பிள்ளைக்கு நாலு மாதம்.

ஆகவே, பத்திரம் வாங்கும் நாளுக்கு முன்பே ஸ்டாண்டஸ்அம்டில் பேசுங்கள். வீட்டில் உட்கார்ந்து மனைவி, பிள்ளைகள் பெயரையும் சேர்த்து ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். கூப்பிடும் பெயர் முதல் பெயராக வரட்டும், அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போகட்டும். அதற்கேற்ப மற்றவர்களுக்கும் அறிவிப்புக் கொடுக்கலாம். குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டால் பெற்றோர் பெயர் மாற்றம் தானாக ஒட்டாது, தனி அறிவிப்பு தேவை. பெயர்ச் சான்றிதழில் நான்கைந்து பிரதி வாங்குங்கள். எனக்கு ஓசிஐக்கும் கேட்டார்கள், பேங்கிலும் கேட்டார்கள்.

இரண்டாம் முறை அம்மா கிளம்பும்போது, மனைவி ஒரு தாளில் என் புதுப் பெயரையும் முகவரியையும் கொட்டை எழுத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அம்மா அதை அச்செடுத்து மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார். ஃபிராங்ஃபர்ட்டில் போலீஸ்காரர் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டதும், தாளைப் பிரித்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாராம்.