வேன் வீட்டு பேட்டரி: சார்ஜ் செய்வதும் பராமரிப்பதும்

மீட்டர் 10.9 வோல்ட் காட்டியது. 12 வோல்ட் பேட்டரி காலி. வீடாக மாற்றிய எங்கள் வேனைத் தென்மேற்குப் பருவமழைக்காக இரண்டு மாதம் முற்றத்திலேயே நிறுத்தியிருந்தேன். நிறுத்தும்போது இன்வெர்ட்டர் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன். மின்விசிறி ஓடாவிட்டாலும் விளக்கு எரியாவிட்டாலும், இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் இருந்த 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு) டியூபுலர் பேட்டரி, அதாவது தண்ணீர் ஊற்றும் ஈய-அமில வகை, அதன்பின் பாதித் திறனுக்குக்கூடத் திரும்பவில்லை. புதிதாக வேன் வீடு அமைக்கும் யாருக்கும் இந்த இழப்பு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இத்தகைய வேனில் பேட்டரி இரண்டு. என்ஜினைக் கிளப்புவது ஒன்று. உள்ளே விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு மற்றொன்று. இரண்டாவதைத்தான் வீட்டு பேட்டரி என்கிறோம். ஈய-அமில பேட்டரி இறங்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். நாட்கணக்கில் விட்டால் படிகமாக இறுகிவிடும். பிறகு எந்தச் சார்ஜராலும் முழுதாகக் கரைக்க முடியாது. காலியான பேட்டரியை அன்றைக்கே நிரப்ப வேண்டும் என்பது இதனால்தான்.

முதல் வேலை, அளந்து பார்ப்பது

சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பாசிட்டிவிலும் கறுப்பு முனையை நெகட்டிவிலும் தொடுங்கள். சார்ஜ் ஏறும்போதோ ஏதாவது ஓடும்போதோ அளந்தால் உண்மை நிலை தெரியாது. எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். விடியற்காலையில், சோலார் விழிக்கும் முன் அளப்பது எளிது. 12.6 அல்லது 12.7 என்றால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அதற்குக் கீழே இறக்காமல் பழகுங்கள். லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு உதவாது: பெரும்பகுதி நேரம் 13.2-ஐ ஒட்டியே நிற்கும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் பேட்டரி மானிட்டர் அதற்குத் தேவை.

அடுத்தது சார்ஜ்

வண்டி ஓடினால் பேட்டரி நிறைந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர். அரை மணி நேர ஓட்டம். என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து, அதை வீட்டு பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியாக ஏறுவது அந்த நேரத்தில் 10 ஏஎச்தான். 24 வாட் மின்விசிறி 2 ஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 16 ஏஎச். ஓர் இரவின் காற்றுக்கே அந்த ஓட்டம் போதவில்லை!

சோலார் நம் வெயிலுக்கு ஏற்றது. ஆனால் நிழலைக் கவனியுங்கள். ஒரே ஒரு தென்னை ஓலையின் நிழல் பேனலின் குறுக்கே விழுந்தாலே உற்பத்தி பெருமளவு சரியும். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் நிறுத்தும் நாட்களில் சோலாரை நம்பாதீர்கள். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்யும்போது, பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் பாதுகாப்பானது: 150 ஏஎச்சுக்கு 15 ஆம்பியர். சார்ஜரில் உங்கள் பேட்டரியின் வகையைத் தேர்ந்தெடுங்கள். மீட்டர் 14.4-ஐத் தொட்டதும் நிறைந்துவிட்டது என்று எண்ணிச் சார்ஜரைப் பிடுங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அப்போது ஏறியிருப்பது ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். மிச்சம் மெதுவாக, மணிக்கணக்கில் ஏறும். மின்னோட்டம் நன்றாகக் குறைந்து, சார்ஜர் தானாக 13.5 அளவுக்கு இறங்கும்வரை விட்டுவிடுங்கள். பாதி காலியான பேட்டரிக்கு ஓர் இரவு முழுவதும் வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது தீப்பிடிக்கக்கூடியது. பேட்டரிப் பெட்டியிலிருந்து வேனுக்கு வெளியே ஒரு குழாய் விடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

தண்ணீர்

டியூபுலர் பேட்டரியில் குறையும் தண்ணீருக்கு ஈடாக டிஸ்டில்டு வாட்டர் (காய்ச்சி வடித்த நீர்) மட்டும் ஊற்றுங்கள். கடையில் வாங்கும் குடிநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் உப்பு உண்டு. சார்ஜுக்கு முன் தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, முழுச் சார்ஜுக்குப் பிறகு குறிவரை நிரப்புங்கள். ஆசிட் சேர்க்கவே கூடாது.

கடற்காற்றும் டெர்மினலும்

முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரம் தங்குபவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். வயர் மாட்டும் டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையும் கலந்த பொடி பூத்து நிற்கும். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். முதலில் நெகட்டிவ் வயரை எடுங்கள். செல்களின் (தண்ணீர் ஊற்றும் அறைகளின்) மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கழுவப்போகும் சோடாக் கரைசல் உள்ளே போனால் ஆசிட் கெடும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். பொடி சீறி, நுரை தள்ளும். நுரை அடங்கும்வரை ஊற்றி, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் அடியில் ஈயத்தின் சாம்பல் நிறம் தெரியும். நன்றாகத் துடைத்து உலர்த்தி, பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் இறுக்கி, மேலே வாசலின் பூசிவிடுங்கள்.

நிறுத்தி வைக்கும் மாதங்கள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. வேன் சும்மா நிற்கும் நாட்கள் அதிகம். நிறுத்தும் முன் பேட்டரியை முழுதாக நிரப்பி, நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை அளந்து, 12.4-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் போடுங்கள். லித்தியத்தை மட்டும் பாதி அளவில் நிறுத்துவது நல்லது.

பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, தேதியையும் வோல்டையும் எழுதி வருகிறேன். முழுதாகச் சார்ஜ் செய்தும் அளவு மாதாமாதம் இறங்கினால், ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களையும் தனித்தனியே பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நன்றாகத் தாழ்ந்து நின்றால் பழுது அந்தச் செல்லில்தான்.