டயரில் இருக்கும் நான்கு எண்கள்: ரங்கூனில் புதிதாகக் கார் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஜப்பானிலிருந்து வந்த ஹோண்டா ஃபிட் ஒன்றை வாங்கினான். கோயில் வாசலில் பூசை. மாலை போட்டு, குங்குமம் வைத்து, நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி ஒரு முழம் நகர்ந்து பழங்கள் நசுங்கியதும், ஒட்டிக்கொண்ட தோலை எடுக்கக் குனிந்தேன். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் 3812 என்று இருந்தது.

"தம்பி, இந்த டயரை 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் செய்திருக்கிறார்கள். உடனே மாற்றிவிடு" என்றேன்.

"கோடெல்லாம் நன்றாக ஆழமாக இருக்கிறதே, மாமா" என்றான்.

இதே பதிலை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு என் குடும்பம் கொடுத்த விலை எனக்குத் தெரியும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வண்டி பழுது பார்க்கிறேன், பிள்ளைகளுக்கு ஓட்டவும் சொல்லிக் கொடுக்கிறேன். கிளட்சைச் சட்டென்று விடுவது, சிக்னல் போடாமல் திரும்புவது போன்றவை நாலு நாளில் தாமாகச் சரியாகிவிடும், அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. நன்றாக ஓட்டத் தெரிந்த பிறகும் தொடரும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவற்றில் பல ஓர் இடத்திலிருந்தே வருகின்றன. 2011-க்குப் பிறகு இறக்குமதி தளர்ந்தபோது பர்மாவுக்குள் ஆயிரக்கணக்கில் வந்தவை ஜப்பானின் பழைய கார்கள். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும், கேட்டிருப்பீர்கள். அங்குள்ள சுங்கச் சாவடிக்கான அட்டை செருகப்படவில்லை என்று அது சொல்கிறது. இந்த வண்டி வேறொரு நாட்டுச் சாலைக்காகவும், வேறொரு வெயிலுக்காகவும் தயாரானது. அந்தக் குரலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. டயர், விளக்கு, கதவு ஆகிய மூன்றையும் அப்படி விட்டுவிட முடியாது.

வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைப்பது

2013 ஏப்ரல். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு மாண்டலேக்குப் புறப்பட்டோம். என் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார், டிக்கி நிறையச் சாமான்கள். வண்டி டொயோட்டா மார்க் டூ. டயர்களும் வண்டியோடு ஜப்பானிலிருந்து வந்தவைதான். கோடுகள் ஆழமாக இருந்தன, கருகருவென்று மின்னின. கிளம்புவதற்கு முன் காற்றுப் பிடிக்கும் கடையில், "கடும் வெயில், விரைவுச் சாலை கொதிக்கும். 32 பவுண்டு வேண்டாம், 26 போதும். இல்லாவிட்டால் வெடித்துவிடும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். மெக்கானிக்காக இருந்தும் தலையாட்டினேன்.

ரங்கூன்–மாண்டலே விரைவுச் சாலை ஏறக்குறைய 366 மைல். 2010 இறுதியில் மாண்டலே வரை திறந்தபோது அது கான்கிரீட் சாலை. கான்கிரீட் பாளங்களுக்கு இடையே இணைப்புகள் உண்டு. அவற்றின்மேல் போகும்போது 'தட்... தட்...' என்று சீராக ஓர் ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும், காது அதற்குப் பழகிவிடும். 115-ஆவது மைலில் சாப்பிட்டுவிட்டு, உச்சி வெயிலில் மறுபடி கிளம்பினோம். அரை மணி நேரம் போயிருப்போம். அந்தத் தட் தட் வேகமாகிறது என்று தோன்றியது. இணைப்புகள் நெருக்கமாக இருக்கின்றன போலும் என்று நினைத்தேன். நான் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன், ஒலி மட்டும் கூடியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

பின்பக்க இடது டயரின் மேல்பட்டை உரிந்து வந்து மட்கார்டைக் கிழித்தது. அடுத்த நொடியில் டயர் வெடித்தது. என் கால் பிரேக்குக்குப் போயிற்று. வண்டியின் வால் வீசியது, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நடுவிலிருந்த மண் பகுதியில் போய் நின்றது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் பெல்ட் போடாமல் இருந்த மாமியாருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்றும் அவரால் கையைத் தூக்கித் தன் தலையைத் தானே பின்ன முடியாது. என் மகள்தான் பின்னிவிடுகிறாள்.

அதே அறிவுரையை இன்னும் கடைகளில் சொல்கிறார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் என் காதில் விழுகிறது. ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது, ஏனென்றால் உண்மை இதற்கு நேர் எதிர்.

டயரைக் கொல்வது சூடு. அந்தச் சூட்டில் பெரும்பங்கு டயருக்குள்ளேயே பிறக்கிறது. உருளும் டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, மேலே வரும்போது மறுபடி நிமிர்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் கை சுடுமே, அதுபோலத்தான். காற்றுக் குறைந்தால் டயர் அதிகமாக நசுங்கும், அதிகமாக நசுங்கினால் அதிகமாகச் சூடேறும். அதன்மேல் குடும்பத்தையும் மூட்டைகளையும் ஏற்றி, 100 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரம் ஓட்டினால், ரப்பரையும் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டைகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஒட்டு தளர்கிறது. மேல்பட்டை உரிகிறது. நான் கேட்டது அந்த ஒலிதான்.

ஓட ஓடக் காற்றழுத்தம் கூடுவது உண்மை. காலையில் 32 இருந்தால் நண்பகலில் 36-கூடக் காட்டலாம். அந்த ஏற்றத்தையும் கணக்கில் கொண்டுதான் டயரைச் செய்திருக்கிறார்கள். சூடான டயரை அளந்து, கூடியிருக்கிறது என்று காற்றைத் திறந்துவிடுவதும் இதே தவறுதான்.

சரியான அளவு எங்கே இருக்கிறது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய தாள் ஒட்டியிருக்கும். எழுத்து ஜப்பானியம், எண் நமக்குப் புரியும். 220, 230, 240 என்று இருப்பது கிலோபாஸ்கல். 220 என்றால் 32 பவுண்டு, 240 என்றால் 35. அதே தாளில் டயரின் அளவும் இருக்கும், உங்கள் வண்டியில் போட்டிருப்பது அந்த அளவுதானா என்று ஒத்துப் பாருங்கள். புரோபாக்ஸ் போன்ற சுமை வண்டிகளுக்குப் பின்டயரின் அழுத்தம் தனியாக, கூடுதலாக இருக்கும். காலையில், வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அளவுமானி சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இருப்பது பலமுறை கீழே விழுந்ததாக இருக்கும்.

இனி அந்த நான்கு எண்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3812 என்றால் 2012-இன் 38-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டிருப்பதும் உண்டு. வெளியே காணாவிட்டால் வண்டிக்கு அடியில் படுத்து உட்பக்கம் பாருங்கள், சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறார்கள் டயர் செய்பவர்கள். பத்து ஆண்டு ஆகிவிட்டால், கோடு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிவிடச் சொல்கிறார்கள். நம் வெயிலுக்குப் பத்து வரை காத்திருக்காதீர்கள் என்பது என் கருத்து. ஓடாமல் நின்ற டயரும் கிழடாகிறது. கோடு தேயாமல் இருப்பது அது அதிகம் ஓடவில்லை என்பதை மட்டுமே சொல்லும், ரப்பரின் வயதைச் சொல்லாது. பக்கச் சுவரை விரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு தெரிந்தால் பேச்சுக்கே இடமில்லை. பழைய டயர்க் கடையில் கறுப்பு மெருகு பூசிக் கொடுப்பது அந்த வெடிப்பை மறைத்துவிடும், ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொரு பொறி உண்டு. வட ஜப்பானில் ஓடிய வண்டிகள் பனிக்கால டயரோடு வரும். பக்கச் சுவரில் 'ஸ்டட்லெஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கட்டை கட்டையான கோடுகள், ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியது போல நெளிநெளியான மெல்லிய வெட்டுகள். ஆழமாக இருப்பதால் புது டயர் என்று நினைத்து மகிழ்ச்சியோடு கூடுதல் விலை கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உறைபனியைப் பற்றுவதற்காக மென்மையாகச் செய்த ரப்பர் அது. ஏப்ரல் வெயிலில் குழைந்துவிடும், ஆடி மாத மழையில் பிரேக் போட்டால் வழுக்கும். இலவசமாகக் கிடைத்தாலும் போடாதீர்கள்.

நான்கும் வாங்கப் பணம் போதவில்லை என்றால் இரண்டு வாங்குங்கள், அவற்றைப் பின்னால் போடுங்கள். முன்னால்தான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முன்டயர் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், பழகிய கைக்கும் அடங்காது.

அப்படியும் வெடித்துவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டீயரிங்கை இரு கையாலும் இறுகப் பிடித்து, நேராக வைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள்.

ஸ்டெப்னி

அதற்கும் நான்கு எண்கள் உண்டு. அதிலும் காற்றுப் பாருங்கள்.

பின் சீட்டில் பெல்ட்

பாட்டி வேண்டாம் என்றாலும் நீங்களே குனிந்து மாட்டிவிடுங்கள்.

எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும் விளக்கு

1970 டிசம்பரில் பர்மா இடப்பக்கப் போக்குவரத்தை விட்டு வலப்பக்கத்துக்கு மாறியது. ஜப்பான் இன்றும் இடப்பக்கம். அதனால் ஜப்பானிய வண்டியின் தாழ்விளக்கு, இடது ஓரத்தில் நடப்பவர்களைக் காட்டுவதற்காக இடப்பக்கம் சற்று மேலே ஏறி அடிக்கும். இங்கே நமக்கு இடப்பக்கம்தான் எதிர் வண்டிகள் வருகின்றன. நீங்கள் தாழ்விளக்கில்தான் போகிறீர்கள், ஆனாலும் எதிரே வருகிறவர் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டுகிறார் என்றால் காரணம் இதுதான்.

இரவில் ஒரு சுவருக்கு முன் பத்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, தாழ்விளக்கைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு இடப்பக்கம் ஏறுகிறதா என்று தெளிவாகத் தெரியும். வலப்பக்கப் போக்குவரத்துக்கான விளக்குக் கூடு கிடைத்தால் மாற்றிவிடுவதே சரி. கிடைக்கும் வரை விளக்கைத் தாழ்த்தும் திருகைத் திருப்பி இறக்கி வையுங்கள். அதிக வெளிச்சம் வேண்டும் என்று வெள்ளை பல்புகளை வாங்கி மாட்டுவது மற்றவர் கண்ணைக் கட்டுகிற வேலை.

முந்துவது

வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வலப்பக்கச் சாலையில் ஓட்டுபவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் போகும் லாரி எதிர்ச் சாலையை முழுவதும் மறைக்கிறது. பார்ப்பதற்காகவே வண்டியின் மூக்கை இடப்பக்கம் நீட்டுகிறார்கள் புதியவர்கள். பார்ப்பதற்கு நீட்டிய மூக்குதான் முதலில் அடிபடும். லாரியை விட்டு நன்றாகப் பின்தங்குங்கள். இடைவெளி கூடக் கூட எதிர்ச் சாலை தெரியத் தொடங்கும். முன் சீட்டில் இருப்பவரைப் பார்த்து "வரலாமா?" என்று கேட்டு முந்துகிற பழக்கத்தை விடுங்கள். வருகிற பஸ்ஸின் வேகத்தை அவரால் கணிக்க முடியாது, உங்கள் வண்டியின் இழுவை அவருக்குத் தெரியாது.

ரேடியேட்டர் மூடி

சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள்.

தெருவில் தேங்கிய தண்ணீர்

மழைக் காலத்தில் ரங்கூன் தெருக்கள் ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிடும். சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள். இறங்கி, நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால், மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். காற்று உறிஞ்சும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் அதில் போய் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்றபோது தப்பித்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெடுத்து என்னிடம் கொண்டு வந்தவர்கள் பலர். இறங்கித் தள்ளுங்கள்.

இடப்பக்கக் கதவு

ஜப்பானில் இடப்பக்கக் கதவு நடைபாதையை நோக்கித் திறக்கும். இங்கே அது ஓடும் வண்டிகளை நோக்கித் திறக்கிறது. பள்ளி வாசலில் காலையில் நின்று பாருங்கள். அப்பா வலப்பக்கம் ஓரமாக இறங்குவார், பிள்ளை இடப்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு பஸ் வருகிற பக்கம் குதிக்கும்.

பின்பக்க இடது கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். பூட்டுக்கு அருகே ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளி வைத்தால் அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. பிள்ளைகளை வலப்பக்கமாகவே ஏற்றி இறக்குங்கள். அந்த ஃபிட் வண்டியில் அன்றைக்கே நான் அதைத் தள்ளி வைத்துவிட்டேன். டயர்களில் இரண்டை மறுவாரம் மாற்றினான், பின்னால். மீதி இரண்டையும் திஞ்சானுக்கு முன் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை விரைவுச் சாலைப் பக்கம் போவதில்லை என்று வாக்கு வாங்கியிருக்கிறேன்.