கோல்ஃபில் ஒரு ஹோல் கெட்டதும் செய்யக்கூடாதவை

நாலு அடியில் முடிக்க வேண்டிய பார் 4 ஹோலில் டீ ஷாட் (முதல் அடி) வலப்பக்க மரங்களுக்குள் போய்விடுகிறது. இதுவரை போனது அதிகபட்சம் ஒரு ஸ்ட்ரோக் (அடி). ஸ்கோர் கார்டில் 5 விழுமா, 8 விழுமா என்பது இனி எடுக்கும் முடிவில் இருக்கிறது. ரவுண்டு கெட்டவர்கள் பெரும்பாலும் அந்த முதல் ஷாட்டைத்தான் நொந்துகொள்வார்கள். கார்டை எடுத்துப் பாருங்கள், அடுத்த இரண்டு ஷாட்களில்தான் எல்லாம் போயிருக்கும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, போனதை அடுத்த ஷாட்டிலேயே மீட்க நினைப்பது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி தெரியும். அதில் பந்து புகுந்தால் ஒரு ஸ்ட்ரோக் லாபம், மரத்தில் பட்டால் இரண்டோ மூன்றோ நஷ்டம். பத்துப் பந்து அடித்தால் எட்டு பந்தாவது அந்த இடைவெளியில் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஆமாம்’ என்று சட்டென்று வராவிட்டால், பக்கவாட்டில், புல் வெட்டிய நடுப்பாதையான ஃபேர்வேக்குத் தள்ளிவிடுங்கள்.

1999 பிரிட்டிஷ் ஓப்பன், கார்னூஸ்டி, கடைசி ஹோல். பிரான்ஸ் வீரர் ஷான் வான் டி வெல்டுக்கு 3 ஸ்ட்ரோக் முன்னிலை. அந்தப் பார் 4இல் 6 எடுத்தாலே கோப்பை கையில். டிரைவர் எனும் நெடுந்தூர மட்டையில் அடித்த பந்து வலப்பக்கம் விலகினாலும் ஆடக்கூடிய இடத்தில்தான் கிடந்தது. குறுந்தூர மட்டையான வெட்ஜில் முன்னால் தட்டிவிட்டிருந்தால் போதும். அவர் நீண்ட தூரத்துக்கான 2 அயர்ன் எடுத்தார். பந்து பார்வையாளர் மேடையில் பட்டு, ஓடைக்கரைக் கற்சுவரில் மோதி, உயர்ந்த புல் அடர்ந்த ரஃபுக்குள் திரும்பி வந்து விழுந்தது. அடுத்த ஷாட் பேரி பர்ன் ஓடைக்குள். ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்று பார்த்தவர், கடைசியில் ஒரு ஸ்ட்ரோக் பெனால்டிதான் எடுத்தார். அந்த ஹோலில் 7. சமநிலையை முறிக்கும் பிளேஆஃபில் பால் லாரி வென்றார்.

அதே போட்டியில், 2017இல் ராயல் பர்க்டேலில் அமெரிக்க வீரர் ஜோர்டன் ஸ்பீத் செய்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 13ஆவது ஹோலில் டீ ஷாட் மணல்மேட்டின் பக்கம் பறந்துபோனது. ‘ஆட முடியாத பந்து’ என்று அறிவித்து, நேர்பின்னால் பயிற்சி மைதானம் வரை போய் டிராப் செய்தார் (பந்தைக் கையிலிருந்து விழவிட்டார்). நிதானமாக முடிவெடுத்ததால் போகியோடு (பாரைவிட ஒன்று கூடுதல்) தப்பினார். அடுத்த நான்கு ஹோல்களில் பாரைவிட 5 குறைவு, கோப்பையும் அவருக்கே.

‘ஆட முடியாத பந்து’ விதி கோபத்தில் இருப்பவருக்கு நினைவுக்கே வருவதில்லை. பெனால்டி ஏரியா (ஓடை, குளம் போன்றவை) தவிர மைதானத்தில் எங்கும், ஒரு ஸ்ட்ரோக் தண்டத்துக்கு மூன்று வழிகள் உண்டு: முன்பு அடித்த இடத்துக்கே திரும்புவது, ஹோலையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் பின்னால் போவது, ஹோலை நெருங்காமல் இரண்டு கிளப் (மட்டை) நீளத்துக்குள் டிராப் செய்வது. பங்கர் எனும் மணல்குழிக்குள் என்றால் பின்னிரண்டுக்கும் மணலுக்குள்ளேயே டிராப் செய்ய வேண்டும். புதருக்குள் மூன்று முறை வெட்டுவதைவிட இது எவ்வளவோ மலிவு.

அடுத்தது, ஆட்டத்தின் நடுவே ஸ்விங்கைப் பிரித்து மேய்வது. இரண்டு பந்து வலப்பக்கம் வளைந்தவுடன் முழங்கை, தோள், மணிக்கட்டு என்று ஆராய்ச்சி தொடங்கிவிடும். பல நேரம் கெட்டிருப்பது பிடி மட்டும்தான். வழக்கமாகப் பத்துக்கு நாலு அளவில் பிடிப்பவர், ஆத்திரத்தில் எட்டுக்குப் போய்விடுவார். முன்கை இறுகும், மணிக்கட்டு திரும்பாது, பந்தில் படும்போது கிளப் முகம் திறந்தே நிற்கும், வலக்கைக்காரரின் பந்து வலப்பக்கம் ஓடும். பந்தருகே நின்று கிரிப்பை மூன்று விநாடி நன்றாக இறுக்கி, பிறகு தளர விடுங்கள். இறுக்கம் எவ்வளவு என்று கைக்கே புரியும். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது, மூன்று முறை. பிறகு ஒரு படி அதிக தூரம் போகும் கிளப்பை எடுத்து முக்கால் ஸ்விங். ஸ்விங் திருத்தமெல்லாம் பயிற்சி ரேஞ்சில் வைத்துக்கொள்ளலாம்.

கோபமே வரக்கூடாது என்று அடக்குவதும் உதவாது. அதற்கு ஓர் எல்லை போடுங்கள்: கிளப் பைக்குள் போகும் வரை. அதன்பின் பேச்சு வேறு, பார்வை வேறு. ஷாட்டுக்கு முந்தைய வழக்கத்தையும் சுருக்காதீர்கள். இரண்டு பயிற்சி ஸ்விங் போடுபவர் எரிச்சலில் ஒன்றோடு நிறுத்துவார். விதிகள் ஒரு ஷாட்டுக்கு 40 விநாடி வரை பரிந்துரைக்கின்றன, போதுமான நேரம்.

‘மீதி ஆறு ஹோலில் நாலு பார் எடுத்தால்’ என்ற கூட்டல் கணக்கும் வேண்டாம். ஹேண்டிகேப் (திறமைக்கேற்ற சலுகை ஸ்ட்ரோக்) பற்றிய கவலை என்றால், 2020 முதல் நடைமுறையில் உள்ள முறையில் ஒரு ஹோலுக்கு உச்சவரம்பு இருக்கிறது: பார், கூட்டல் 2, கூட்டல் அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக். 18 கோர்ஸ் ஹேண்டிகேப் உள்ளவர் (ஹோலுக்கு ஒரு சலுகை ஸ்ட்ரோக்) பார் 4இல் 9 எடுத்தாலும் ஹேண்டிகேப் கணக்கில் 7தான்.

பக்கவாட்டில் தள்ளிவிடும் ஷாட்டைப் பயிற்சியில் அடித்துப் பார்ப்பவர் மிகக் குறைவு. அதனால்தான் மரத்தடியில் அதை நம்பத் தயக்கம். 7 அயர்னைச் சற்றுக் கீழே பிடித்து, பந்தைப் பின்காலுக்கு நேரே வைத்து, கைகள் பந்துக்கு முன்னால் இருக்க, முழங்கால் உயரத்திலிருந்து முழங்கால் உயரம் வரை வீசுங்கள். கிளைகளுக்கு அடியில் தாழப் பாய்ந்து 30 மீட்டர் உருளும். வாரம் இருபது பந்து இப்படி அடியுங்கள்.