பக்கத்து ஊர் காய்னா மட்டும் போதுமா? நேரடியா வாங்குறதுல நடக்கிற தப்புங்க

கடலூர், பாண்டி ரெண்டு பக்கமும் இப்ப அபார்ட்மென்ட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஓடுது, "விவசாயிகிட்டேர்ந்து நேரடியா", "நடுவுல புரோக்கர் கிடையாது"ன்னு. நல்ல விஷயம்தான், நானும் அப்படி ஒரு குரூப்லதான் காய் வாங்குறேன். ஆனா பக்கத்துல விளைஞ்சுதுன்னாலே மண்ணுக்கும் நல்லது, விவசாயிக்கும் நல்லதுன்னு முடிவு கட்டிட்டு அதுக்கு மேல யாரும் ஒரு கேள்வி கேக்குறதில்ல.

முதல் தப்பு கிலோமீட்டர மட்டும் பாக்குறது. ஃபிரான்ஸ்ல 2009-லயே அரசாங்கம் இதுக்கு ஒரு வரையறை வச்சுட்டாங்க, விளைவிக்கிறவருக்கும் சாப்பிடறவருக்கும் நடுவுல அதிகபட்சம் ஒரே ஒரு ஆள் இருக்கலாம், அவ்ளோதான், தூரத்தப் பத்தி அதுல பேச்சே கிடையாது. அந்தக் கணக்குல பாத்தா பாகூர் பக்கம் தோட்டத்துல விடிகாலைல கீரை எடுத்துட்டு வந்து நம்ம தெருவுல கூவி விக்கிற அக்காவும் நேரடி கொள்முதலுக்குள்ளதான் வர்றாங்க, நாம என்னடான்னா அவங்கள யாவாரின்னு ஒதுக்கிட்டு ஆப்ல ஆர்டர் போடுறோம். பண்ருட்டி காய் கோயம்பேடு வரைக்கும் போயி நாலு கை மாறி திரும்ப பாண்டி கடைக்கு வந்தா அது "லோக்கல் காய்" ஆயிடாது. பண்ருட்டி முந்திரியும் அப்படித்தான், மரம் நம்ம ஊர் செம்மண்ல நிக்குது உண்மை, ஆனா அங்க உடைக்கிற கொட்டைல நிறைய ஆப்பிரிக்காலேர்ந்து கப்பல்ல வர்றது. பாக்கெட்ல பண்ருட்டின்னு போட்டிருந்தா எங்க உடைச்சதுன்னு அர்த்தம், எங்க விளைஞ்சதுன்னு தனியா கேக்கணும்.

அடுத்தது டீசல் கணக்கு, இத ஒரு தடவ பேப்பர்ல போட்டுப் பாத்தா பலருக்கு தூக்கம் போயிடும். ஓசூர் பக்கத்துலேர்ந்து 10 டன் தக்காளி ஏத்தின லாரி பாண்டிக்கு வருதுன்னு வைங்க, தூரம் 300 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் குடுத்தா 75 லிட்டர், அதாவது கிலோ தக்காளிக்கு 7.5 மில்லி டீசல், வண்டி காலியா திரும்புதுன்னு சேத்தாலும் 15 மில்லிதான். இங்க 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தோட்டக்காரர் பைக்ல 10 கிலோ காய கட்டிட்டு வந்துட்டுப் போறாரு, போக வர 40 கிலோமீட்டர், லிட்டருக்கு 50 குடுத்தா முக்கா லிட்டருக்கு மேல, கிலோவுக்கு 80 மில்லி. லாரிய விட அஞ்சு மடங்கு! இதுல இன்னொரு கூத்து, ஞாயித்துக்கிழமை ஆரோவில் பக்கம் கார் எடுத்துட்டுப் போயி அஞ்சு கிலோ இயற்கை காய் வாங்கிட்டு வர்றது, போக வர 24 கிலோமீட்டர், லிட்டருக்கு 15-ன்னா கிலோவுக்கு 300 மில்லி பெட்ரோலத் தாண்டிடும். அப்படியே பீச்சுக்கும் போயிட்டு வந்தேன்னு சொன்னா சரி, காய்க்காக மட்டும் போனேன்னு சொல்லாதீங்க. அதுக்காக லாரிதான் நல்லதுன்னு சொல்ல வரல. நாலஞ்சு தோட்டக்காரங்க சேந்து ஒரே குட்டி யானை மாதிரி சின்ன லோடு வண்டில ஏத்தி, வாரத்துல ஒரு நாள், ஏரியாவுக்கு ஒரே இடத்துல இறக்கி, ஜனங்க நடந்து வந்து எடுத்துட்டுப் போனா அந்த 80 மில்லி கிடுகிடுன்னு இறங்கிடும். லோடு நிறையணும், அதான் விஷயமே. வேலைக்குப் போற வழில உழவர் சந்தைல எட்டிப் பாத்து வாங்குறவங்க இதுல எல்லாரையும் ஜெயிச்சிடுறாங்க.

சரி, போக்குவரத்தே மொத்தத்துல எவ்வளவுன்னு பாத்தா, அமெரிக்காவுல 2008-ல வந்த ஒரு ஆய்வுல அங்க ஒரு வீட்டுச் சாப்பாட்டால வர்ற, பூமிய சூடாக்குற பசுமைக்குடில் வாயுல 83% உற்பத்தி பண்ற இடத்துலயே வந்துடுது, போக்குவரத்து எல்லாம் சேத்து 11%, கடைக்கு வர்ற கடைசி கட்டம் வெறும் 4%. 2022-ல உலக அளவுல போட்ட கணக்குல, உரம், மெஷின் எல்லாம் பண்ணைக்கு வந்து சேர்ற தூரத்தயும் சேத்ததால, போக்குவரத்து 19% வரைக்கும் போகுது. எப்படிப் பாத்தாலும் பெரிய பங்கு வயல்லதான். பாகூர் அரிசியோ காட்டுமன்னார்கோவில் அரிசியோ, தண்ணி தேங்கியே நின்னா மீத்தேன்ங்கற பசுமைக்குடில் வாயு வரத்தான் செய்யும், அங்க கேக்க வேண்டியது வயல நடுநடுவுல காய விட்டு காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டுறாங்களாங்கறத.

மீன் விஷயத்துல இது இன்னும் மோசம். கடலூர் துறைமுகத்துல படகுலேர்ந்து இறக்கின மத்தி மீன அங்கயே வாங்கினா அத விட கை மாறாம வர்றது எங்க இருக்கு? ஆனா அது எந்த வலைல வந்துச்சு? சுருக்குமடி வலைக்கு தமிழ்நாட்டுல 2000-லயே தடை வந்துடுச்சு, அப்புறம் 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு 12 கடல் மைலுக்கு அப்பால, வாரத்துல ரெண்டு நாள், பகல்ல மட்டும்னு இடைக்கால அனுமதி குடுத்துச்சு. கூட்டமா வர்ற மீன மொத்தமா வளைச்சு அள்ளுற வலை அது, சின்னப் படகுக்காரங்களுக்கும் சுருக்குமடி வலைக்காரங்களுக்கும் நடுவுல நம்ம கரையில எவ்வளவு சண்டைன்னு இங்க இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்துலயும் பெரிய வஞ்சரம்தான் வேணும்னு நின்னா அது பெரும்பாலும் வெளியூர்லேர்ந்து ஐஸ்ல வர்றதாத்தான் இருக்கும், அந்த ரெண்டு மாசம் நாட்டுப்படகுல வர்ற சின்ன மீனுக்கு மாறிக்கலாம்.

இப்ப விலை. "நடுவுல ஆள் இல்லல்ல, அப்ப மண்டி ரேட்டுக்கே குடுங்க"ன்னு பேரம் பேசறாங்க பாருங்க, அதக் கேட்டா எனக்கு எரிச்சல்தான் வரும். மண்டிக்காரரு கமிஷன் எடுக்குறாருன்னாலும் தரம் பிரிக்கிறது, முன்பணம் குடுக்குறது, விக்காத சரக்கோட நஷ்டத்துல பங்கு ஏத்துக்கிறதுன்னு நாலு வேலையும் பண்றாரு, அவர எடுத்துட்டா அந்த வேலை காணாமப் போயிடாது, விவசாயி வீட்டுத் தலைல விழும், முக்காவாசி அந்த வீட்டுப் பொம்பளைங்க தலைல. ராத்திரி எட்டு மணிக்கு வெண்டைக்கா முத்தல் பிரிச்சு அரை கிலோ அரை கிலோவா கட்டுறதுக்கு கூலி யாரு போடுறது? 1999-ல மதுரைல ஆரம்பிச்ச உழவர் சந்தைல தினம் விலைய அதிகாரிங்க நிர்ணயம் பண்ணி பலகைல எழுதிடுறாங்க, குறைஞ்சபட்சம் அங்க இந்த இழுபறி இல்ல. ஆர்டர் போட்டுட்டு காலைல "இன்னிக்கு வேணாம்ணே, ஊருக்குப் போறோம்"னு மெசேஜ் தட்டுறதும் இதே ரகம், பறிச்ச காய் செடிக்குத் திரும்பப் போகாது.

பிளாஸ்டிக் கவர், "லோக்கல்னா ஆர்கானிக்"ங்கற நினைப்பு, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சின்ன விவசாயி நேரா நமக்கு வித்தா இயற்கை விளைபொருள்னு சான்று வச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல, அதனால என்ன மருந்து அடிக்கிறீங்கன்னு மொகத்த பாத்தே கேக்கலாம், தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

கடைசியா ஒண்ணு, ஒரே ஊர நம்பி மொத்த குரூப்பையும் நடத்தாதீங்க. 2011 டிசம்பர் 30 தானே புயல் பண்ருட்டி பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோட சாய்ச்சுது, புது மரம் காய்க்க வருஷக்கணக்கா ஆகும். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் பாண்டி கிட்ட கரை கடந்துச்சு, அடுத்த ரெண்டு நாள்ல தென்பெண்ணைல வெள்ளம். அப்படி ஒரு வாரத்துல குரூப்ல காய் வராது. அன்னிக்கு திண்டிவனம், செஞ்சி பக்கத்து தோட்டக்காரர் ஒருத்தர் நம்பராவது கைல இருக்கணும், மழை விட்டதும் நம்ம பழைய ஆளுக்கு விதைக்கும் நாத்துக்கும் முன்பணம் போடவும் குரூப்ல நாலு பேரு தயாரா இருக்கணும், அத ஐப்பசிக்கு முன்னாடியே பேசி வச்சுக்குங்க.