டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குத் தொழில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினொரு ஆண்டுகள் பாடசாலைக்குப் போயும் ஒரு பந்தியைத் தடுமாறாமல் வாசிக்க இயலாத பிள்ளையின், இலங்கையில் 11ஆம் தர முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்தவுடன், ‘இனி இவனை எதற்கு விடுவது?’ என்ற பேச்சு வீட்டில் தொடங்குகிறது. பெரும்பாலும் அந்தப் பேச்சிலேயே முதல் தவறு நிகழ்ந்துவிடுகிறது. ஏனெனில் பெரியப்பா, மாமா, ரியூசன் ஆசிரியர் என்று எல்லோரும் இருக்கும் அந்த இடத்தில் பிள்ளை மட்டும் இருப்பதில்லை.

டிஸ்லெக்சியா அறிவுக் குறைவன்று. பேச்சொலியையும் எழுத்தையும் விரைவாகப் பொருத்துவதில் உள்ள இடர்பாடு. அது குடும்பவழியாக வரக்கூடியது, வயதோடு மறைந்துவிடுவதும் இல்லை. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது என்பதால், இப்பிள்ளைகள் தமிழைப் பிழை குறைவாகவும் மிக மெதுவாகவும் வாசிப்பதுண்டு. ஆங்கிலத்தில்தான் இடர்பாடு முழுமையாக வெளிப்படும். ‘தமிழ் வாசிக்கிறான், இங்கிலீசுக்கு மட்டும் பஞ்சி’ என்று சொல்லிக் கடந்துபோன வீடுகள் நம்மிடையே ஏராளம்.

ஒரே பரீட்சையை இரண்டாம், மூன்றாம் முறை எழுதவைத்து, அதே முறையில் கற்பிக்கும் இன்னொரு தனியார் கல்வி நிலையத்துக்கு அனுப்புவது அடுத்த தவறு. நேரம் போதாமல் தோற்ற பிள்ளைக்கு இன்னும் கூடுதலான குறிப்புகள் உதவமாட்டா. சாதாரண தரப் பெறுபேறு எதுவாயினும் 12, 13ஆம் தரங்களில் தொழிற்பாடங்களைக் கற்பதற்கான வழி 2017 முதல் சில பாடசாலைகளில் உள்ளது. அதைப் பற்றி அதிபரிடம் விசாரிக்காமலே பல பெற்றோர் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, ‘எழுத்தில்லாத தொழில்’ ஒன்றைத் தேடுவதுதான். ‘கராஜில் விட்டால் வாசிக்கத் தேவையில்லை’ என்கிறோம். ஆனால் இன்றைய வாகனத் திருத்துநர் கணினித் திரையில் தோன்றும் பிழைக் குறியீடுகளை வாசிக்கிறார், வயறிங் செய்பவர் வரைபடத்தையும் அளவீட்டையும் வாசிக்கிறார், சமையற்கூடத்தில் இருப்பவருக்கும் கட்டளைச் சீட்டு வருகிறது. எழுத்து எல்லாத் தொழிலிலும் உண்டு; அது எந்த வடிவில், எவ்வளவு அவசரத்தில் வருகிறது என்பதே தொழிலுக்குத் தொழில் வேறுபடுகிறது. ஆகவே பிள்ளைக்கு எதில் விருப்பம் என்பதை முதலில் கேட்டறிந்து, அந்தத் தொழில் செய்யும் ஒருவரோடு அவனை இரண்டு மூன்று நாட்கள் இருக்கச் செய்து, ஒரு நாளில் எதையெல்லாம் வாசிக்கவும் எழுதவும் வேண்டியிருக்கிறது என்று பார்த்துவரச் சொல்வது பயனுள்ளது. மெதுவாக வாசித்தாலும் பாதகமில்லாத வேலை எது, மருந்துப் பெயரைப் போல ஓர் எழுத்து மாறினாலே ஆபத்தாகும் வேலை எது என்பது அப்போதுதான் விளங்கும்.

பயிற்சி நெறியையும் இப்படியே விசாரிக்க வேண்டும். தேசிய தொழிற்தகைமை எனப்படும் என்.வி.கியூ. ஏழு மட்டங்களைக் கொண்டது. அதன் கீழ்மட்டச் சான்றிதழ்களில் செய்துகாட்டும் திறனுக்கு முக்கிய இடமுண்டு. நைற்றா என்று நாம் அழைக்கும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் பயிலுநர் பயிற்சி தொழிலிடத்திலேயே நடக்கிறது. ஏற்கெனவே வேலை பழகியவர் தமது திறனைக் காட்டிச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. ஆனால் ஐந்தாம், ஆறாம் மட்டங்களான டிப்ளோமாக்களில் பல ஆங்கில மொழியிலானவை. யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியாயினும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமாயினும், விண்ணப்பிக்கும் முன்னர் எந்த மொழியில் கற்பிக்கிறார்கள், மதிப்பீட்டில் எழுத்துப் பரீட்சை எவ்வளவு என்ற இரண்டையும் கேளுங்கள்.

இதற்கு எதிர்ப்புறத் தவறு ஒன்றும் உண்டு. ‘ஐன்ஸ்டைனுக்கும் இதுதான்’ என்று சொல்லி, பிள்ளையிடம் ஏதோ ஒளிந்திருக்கும் மேதைமையை எதிர்பார்ப்பது. ஐன்ஸ்டைனுக்கு டிஸ்லெக்சியா இருந்ததற்கு உறுதியான சான்றில்லை. டிஸ்லெக்சியா என்றாலே சித்திரத் திறன் இருக்கும் என்று நம்பி, சித்திரம் வராத பிள்ளையைக் கட்டடக் கலைக்குத் தள்ளுவதும் பாரமே.

மறைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காவின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்ற பயத்தில் வைத்திய அறிக்கையை அலுமாரியில் பூட்டிவைக்கும் வீடுகளை நான் அறிவேன். அந்தப் பயத்தை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. எனினும், மேலதிக நேரம் போன்ற விசேட ஏற்பாடுகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் கோருவதற்கு அத்தகைய ஆவணமே அடிப்படை. அதைப் பாடசாலை ஊடாக, விண்ணப்பக் காலத்திலேயே சமர்ப்பிக்க வேண்டும். வேலையிடத்தில் டிஸ்லெக்சியா என்ற பெயரைச் சொல்வதா இல்லையா என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். ‘அறிவுறுத்தலை வாயால் சொல்லுங்கள், நான் குரற்பதிவாக வைத்துக்கொள்கிறேன்’ என்று கேட்க மட்டும் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். கைத்தொலைபேசியில் தமிழைப் பேசித் தட்டச்சிடவும், எழுத்தை வாசிக்கச் செய்து கேட்கவும் இன்று வசதி உண்டு. அதைக் கற்றுக்கொடுக்காமல், எல்லாப் படிவங்களையும் அம்மாவே நிரப்பிக் கொடுத்தால் இருபத்தைந்து வயதிலும் அவரே நிரப்ப வேண்டியிருக்கும்.

கடைசியாக, ‘கனடாவுக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் சரி’ என்ற யோசனை. படிக்கப் போகும் பிள்ளையின் வழியில் முதலில் நிற்பது பெரும்பாலும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். போன்ற ஆங்கிலப் பரீட்சை. அவனுக்கு மிகக் கடினமான மொழியில், நேரக் கட்டுப்பாட்டோடு நடக்கும் வாசிப்பு. அந்தப் பரீட்சையிலும் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் மேலதிக நேரம் கேட்கலாம். ஆனால் பரீட்சை நாளில் கேட்க முடியாது. நிபுணரின் எழுத்துச் சான்றோடு முன்கூட்டியே பரீட்சை நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். பணத்தைக் கட்டிய பிறகு முகவர் இதைச் சொல்லுவார் என்று காத்திராதீர்கள்.