பொம்மை கம்பெனியில் செக்கிங் மேசை: புதிதாகச் சேர்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பொம்மையும் சேகரிப்புப் பொருட்களும் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைக்குச் சேர்பவர் இரண்டு பேருக்காக வேலை பார்க்கிறார். ஒருவர் ஒன்றரை வயதுக் குழந்தை. கையில் கிடைத்ததை வாயில் வைக்கும், தரையில் அடிக்கும், கண்ணைப் பிடுங்கும். இன்னொருவர் சேகரிப்பாளர். பெட்டியைப் பிரிக்கவே மாட்டார், ஆனால் அட்டை மூலை மடங்கியிருந்தால் வாங்கவும் மாட்டார். குழந்தைக்காகப் பார்ப்பது கருவியால் செய்கிற வேலை, சேகரிப்பாளருக்காகப் பார்ப்பது கண்ணால் செய்கிற வேலை. இரண்டையும் தனித்தனிச் சுற்றாகவே செய்யுங்கள். சேர்த்துப் பார்த்தால் கண் பெயின்ட் குறையிலேயே நின்றுவிடும், தளர்ந்த திருகு தப்பிவிடும்.

மேசைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது கோல்டன் சாம்பிள், அதாவது இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் தேதியும் போட்ட மாதிரி. அது இல்லாமல் எந்த லாட்டையும், அதாவது ஒரே தொகுதியாக வரும் சரக்கையும், தொடாதீர்கள். அதை உறையில் போட்டு இருட்டான அலமாரியில் வையுங்கள். ஜன்னலோரம் கிடந்து சிவப்பு வெளுத்துவிட்டால், நல்ல சரக்கையெல்லாம் நிறம் தப்பு என்று தள்ளிவிடுவீர்கள். மேசை விளக்கு 6500 கெல்வின் வெள்ளை ஒளியாக இருக்கட்டும். மஞ்சள் விளக்கில் க்ரீம் நிறமும் வெள்ளையும் ஒன்றாகவே தெரியும்.

எத்தனை எடுப்பது, எங்கிருந்து எடுப்பது

எண்ணிக்கைக்கு ஐ.எஸ். 2500 என்ற இந்தியத் தர விதியின் அட்டவணை இருக்கிறது. லாட்டில் 2,000 பொம்மை என்றால், வழக்கமான இரண்டாம் நிலைப் பரிசோதனைக்கு 125 எடுக்க வேண்டும். பெரிய குறைக்கு ஏ.க்யூ.எல்., அதாவது ஏற்கத்தக்க குறையளவு, 2.5 என்று வைத்திருந்தால் 7 வரை ஏற்கலாம், 8 வந்தால் லாட் நிற்கும். சிறு குறைக்கு 4.0 என்றால் 10 வரை ஏற்கலாம், 11 வந்தால் நிற்கும். கூர்முனை, கழன்று விழும் சிறு பாகம் போன்ற ஆபத்தான குறை ஒன்று வந்தாலே லாட்டை நிறுத்த வேண்டும்.

எண்ணிக்கையைவிட, எடுக்கும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கைக்கு எட்டும் மேல் வரிசைப் பெட்டிகளிலேயே 125-ஐயும் எடுத்துவிட்டால், ஒரே மணி நேரத்தில் ஓடிய சரக்கைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அடிவரிசை, நடுவரிசை, இரவு ஷிஃப்ட் எல்லாவற்றிலிருந்தும் எடுங்கள். பொம்மையின் உட்புறம் பொடியாக ஒரு எண் இருக்கும். அது மோல்டில், அதாவது வார்ப்பு அச்சில், எந்தக் குழியில் வார்த்தது என்பதைச் சொல்லும். 8 குழி மோல்டில் 5-ஆம் குழியில் உள்ள ஊசி (பின்) தேய்ந்திருந்தால், எட்டில் ஒரு பொம்மைக்கு மட்டும் கை தளரும். மாதிரியில் 1 முதல் 8 வரை எல்லா எண்ணும் வந்திருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

குழந்தைக்கான சுற்று

மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மை என்றால் சிறுபாகக் குழாயிலிருந்து தொடங்குங்கள். உள்விட்டம் 31.7 மி.மீ., அடி சாய்வானது. ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மி.மீ. எந்தப் பாகமும், அழுத்தாமல், எப்படித் திருப்பி வைத்தாலும் அதற்குள் முழுதாக அடங்கிவிடக் கூடாது.

பிறகு அதே பொம்மையைத் தரையில் விழவிட்டுப் பாருங்கள். 18 மாதத்துக்குக் கீழ் என்றால் 138 செ.மீ. உயரத்திலிருந்து 10 முறை, அதற்கு மேல் 93 செ.மீ. உயரத்திலிருந்து 4 முறை. அடுத்து, பிடிக்கக் கிடைக்கும் பாகத்தை முறுக்க வேண்டும். அதன்பின் இழுக்க வேண்டும்: பாகம் 6 மி.மீ.க்கு மேல் என்றால் 70 நியூட்டன், அதற்குள் என்றால் 50 நியூட்டன், 10 விநாடி. 70 நியூட்டன் என்பது ஏறக்குறைய 7 கிலோ எடையைத் தொங்கவிடுவது போல. கழன்றது எதுவாக இருந்தாலும் மறுபடி குழாயில் போடுங்கள்.

ஒவ்வொரு சோதனைக்கும் புதுப் பொம்மை எடுப்பது பெரிய தவறு. விழுந்ததில் உள்ளே விட்ட மயிரிழை விரிசல், இழுக்கும்போதுதான் வெளியே வரும். இன்னொரு தவறு, ஒட்டிய கையோடு இழுத்துப் பார்ப்பது. பசை முழுதாக இறுக ஒரு நாள் விடுங்கள். இல்லாவிட்டால் நல்ல ஒட்டும் கழலும், நீங்கள் லைன்காரரைத் திட்டுவீர்கள். ஒரு நாள் கழித்தும் கண் கழன்றால், ஒட்டிய இடத்தைப் பாருங்கள். பசை இரு பக்கமும் கிழிந்திருந்தால் பசையளவு போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று உரிந்து வந்திருந்தால், மோல்டிலிருந்து எளிதாகக் கழற்ற அடிக்கும் சிலிக்கான் ஸ்ப்ரே அங்கே படிந்திருக்கிறது.

காந்தம் உள்ள பொம்மையில் கருணையே காட்டாதீர்கள். இரண்டு காந்தத்தைக் குழந்தை விழுங்கினால், குடல் சுவரை நடுவில் வைத்து அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், குடலில் ஓட்டை விழும்.

பெயின்டில் கரைந்து வரும் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அது லேப் வேலை. மேசையில் உங்கள் வேலை, டின்னில் உள்ள பேட்ச் எண்ணும் லேப் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது. டச்-அப் செய்பவரின் சின்ன பாட்டிலையும் கேளுங்கள். பக்கத்து ஹார்டுவேர் கடையில் அவசரத்துக்கு வாங்கிய பெயின்ட் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போலப் புவிசார் குறியீடு பெற்று, பதிவு செய்த உற்பத்தியாளர் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு. பெட்டியில் '14+' என்று அச்சடித்துவிட்டுச் சோதனையைத் தவிர்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பார்த்ததும் குழந்தை கேட்கிற மாதிரி இருந்தால் அது பொம்மைதான்.

சேகரிப்பாளருக்கான சுற்று

ஒரு அடி தூரத்தில் வைத்து முகத்தில் தொடங்குங்கள். கண் பெரும்பாலும் பேட் பிரின்டிங்: சிலிக்கான் மெத்தை தகட்டிலிருந்து மையை ஒற்றி எடுத்து முகத்தில் பதிக்கும். வெள்ளை, கருவிழி, ஒளிப்புள்ளி என்று அடுக்கடுக்காக விழும். ஏதாவது ஓரடுக்கு மயிரிழை நகர்ந்தாலும் மாறுகண் போலத் தெரியும். பொம்மையை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் அது ஆடுகிறதா என்று பாருங்கள், முக்கால்வாசிக் காரணம் அங்கேதான் இருக்கும். அச்சின் ஓரத்தில் சிலந்தி நூல் போல மை இழுத்திருந்தால் அது நிலைமின்சாரத்தின் வேலை. ஏ.சி. அறையின் காற்று வறண்டிருக்கிறது. ஈரப்பதத்தை 50 முதல் 60 சதவீதத்துக்கு ஏற்றினால் அடங்கும். அச்சு வரவர வெளுத்துப் போனால் தின்னர் ஆவியாகி மை கெட்டியாகிவிட்டது என்று பொருள்.

பி.வி.சி. உருவங்களில், பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவில் மெல்லிய பாலித்தீன் தாள் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பேக்கிங்கில் நேரம் மிச்சம் பிடிக்க அதைத்தான் முதலில் விடுவார்கள். பி.வி.சி.யை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து, ஒட்டியிருக்கும் பெயின்டையும் வேறு பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். ஆறு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தவர் கையோடு தோள்பட்டை நிறமும் உரிந்து வரும். கால் வளைந்த உருவத்தை 60, 70 டிகிரி வெந்நீரில் காட்டி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் வைத்தால் நிற்கும். ஆனால் லாட் முழுதும் வளைந்திருந்தால் மோல்டில் குளிரவிடும் நேரம் போதவில்லை, அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

உலோகக் கார்கள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுபவை. வார்ப்பில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டினால் உலோகம் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். இன்று மேசையில் எந்தக் குறையும் தெரியாது. ஆண்டுகள் போனதும் உப்பி, வெடித்து, பொடியாக உதிரும். 1934-இல் லிவர்பூலில் வரத் தொடங்கிய டிங்கி கார்களில் போருக்கு முந்தையவை பல இப்படித்தான் அழிந்தன. ஆகவே உலோகக் கட்டியின் (இன்காட்) சான்றிதழைப் பாருங்கள், உருக்கும் பானையில் பழைய ஸ்கிராப் கலக்கிறார்களா என்றும் பாருங்கள். ஈயப் பற்று (சால்டர்) ஒட்டிய துண்டு ஒன்று விழுந்தாலே அந்தப் பானை கெட்டது.

கடைசியாக அட்டை. அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் மூடியின் (பிளிஸ்டர்) விளிம்பைச் சுற்றிலும் கட்டை விரலால் நெம்பிப் பாருங்கள். உரியும்போது அட்டையின் நார் கிழிந்து வந்தால் சீல் சரி. பளபளப்பாகத் தனியே வந்தால் சூடு குறைவு. நான்கு மூலையையும் விளக்குக்குச் சாய்த்துப் பாருங்கள், நேராகப் பார்த்தால் மடிப்பு தெரியாது.

தள்ளிய சரக்கைக் குப்பையில் போடாதீர்கள். கண் மாறி அச்சான பொம்மை, சக்கரம் மாறிய கார் போன்றவை சேகரிப்புச் சந்தையில் நல்லதைவிடக் கூடுதல் விலைக்குப் போகும். அதனால்தான் பின்வாசல் வழியாக அவை வெளியே போகின்றன, குழந்தையின் கைக்கும் போய்ச் சேர்கின்றன. எண்ணி, இருவர் கையெழுத்திட்டு, அன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள் இருவர் முன்னிலையிலேயே நொறுக்குங்கள். நொறுக்கிய எண்ணும் ரிஜெக்‌ஷன் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக வரும்வரை ஷிஃப்டைக் கைமாற்றாதீர்கள்.