தேயிலை பேக்டரி நடத்துபவர்களுக்கு: முதலில் தராசு, அப்புறம் விறகு

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, தொழிற்சாலை ஆய்வாளரின் கையெழுத்து எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பேக்டரிக்கு இலை கொடுக்கும் ஒன்றிரண்டு ஏக்கர்க்காரர் அந்தக் காகிதங்களில் வருவதில்லை. சட்டம் கேட்பதற்கு மேல் ஏதாவது செய்ய நினைக்கும் முதலாளி, மரம் நடுவிழாவைத் தள்ளிவைத்துவிட்டு இலை நிறுக்கும் இடத்தில் போய் ஒரு வாரம் நிற்கட்டும்.

தேயிலை வாரியத்தின் விலைப் பகிர்வில், தூள் விற்ற விலையில் விவசாயிக்கு நூற்றுக்கு 65 பங்கு. தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போய், 100 கிலோ இலைக்கு 25 கிலோ தூள் விழுந்தால், இலைக்குக் கிலோ 16.25 ரூபாய். ஈரத்துக்கென்று கண்ணால் பார்த்தே 10 கிலோ கழித்தால் அந்த மூட்டைகளில் 162 ரூபாய் போயிற்று. விலையில் நேர்மையாக இருந்துவிட்டு எடையில் எடுத்துக்கொள்வது என்பது இதுதான்.

மழை நாளில் இலையோடு தண்ணீரும் வரும். கழிவு பிடிப்பது தப்பில்லை, குத்துமதிப்பாகப் பிடிப்பதுதான் தப்பு. மேல், நடு, அடி என மூன்று மூட்டைகளில் கையை விட்டு 500 கிராம் எடுங்கள். உலர்ந்த பருத்தித் துணியில் பரப்பி, ஒற்றி எடுத்து, மறுபடி நிறுங்கள். 450 வந்தால் கழிவு 10 சதவீதம். கசக்கினால் சாறும் துணியில் இறங்கிக் கழிவு கூடிவிடும். நனைந்த சாக்கு காய்ந்த சாக்கைவிடக் கனக்கும் என்பதால், வெறும் சாக்கையும் அன்றன்றைக்கே நிறுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் மொத்தம், கழிவு, நிகரம் மூன்றும் வேண்டும். இலையைச் சேர்த்துக் கொண்டுவரும் ஏஜென்ட் பெயரில் அல்ல, விவசாயி பெயரில். ஏஜென்ட்கள் முணுமுணுப்பார்கள். முதலாளி நேரில் நிற்க வேண்டியது அதற்காகத்தான்.

அடுத்தது விறகு. அப்போதுதான் வெட்டிய கட்டையில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். டன் கணக்கில் வாங்கும்போது அதற்கும் காசு. டிரையரில் இலையை உலர்த்த வேண்டிய சூடு முதலில் கட்டையை உலர்த்தப் போகும், புகை கறுக்கும். ஹீட்டர் குழாயில் விரிசல் இருந்தால் அந்தப் புகை வாடை தூளிலும் ஏறும், ஏலத்தில் விலை இறங்கும்.

ஜனவரியிலேயே வாங்கிப் பிளந்து, கல் வைத்துத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி அடுக்குங்கள். மேலே கூரை, பக்கங்கள் திறப்பு. தார்ப்பாயால் முழுக்க மூடினால் பூஞ்சணம்தான் மிச்சம். கூடலூரில் ஜூனுக்குள் காய்ந்தாக வேண்டும்; கோத்தகிரியில் பெருமழை அக்டோபருக்கு மேல் என்பதால் கொஞ்சம் அவகாசம் உண்டு. காய்ந்ததா என்று பார்க்க, வாங்கிய அன்றே 8 கிலோ பச்சைக் கட்டை ஒன்றில் பெயின்ட் அடித்து அடுக்கின் நடுவில் வையுங்கள். அது 5 கிலோவுக்கு இறங்கினால் ஈரம் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது, எரிக்கலாம். சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்) என்றால் வாங்கலாம். சோலை மரம், அதாவது மலையின் இயற்கைக் காட்டு மரம் என்று சந்தேகம் வந்தாலே லாரியைத் திருப்பிவிடுங்கள்.

மரம் நட்டே தீர வேண்டுமென்றால் புல்வெளியைத் தொடாதீர்கள். மழையைத் தேக்கி ஓடைக்கு விடுவது அந்தப் புல்தான். ஓடைக்கரையில் சில வரிசைத் தேயிலையை விட்டுக்கொடுத்து, களைக்கொல்லி தெளிக்காமல், அங்கே நாவல் போன்ற சோலைக் கன்றுகளை வையுங்கள். உறைபனி மாதங்களில் கன்றுக்கு மேலே மறைப்பு வேண்டும். இல்லையென்றால் பிப்ரவரியில் குச்சிதான் நிற்கும்.